காயத்துக்கு மட்டும்

எஸ்றா சாரின் சட்டைக் காலரைப் பிடித்தபோது அவரை அடிக்க வேண்டும் என்ற எண்ணம் ரோச்சுக்கு இல்லை. கேட்கத்தான் போயிருந்தான். ஆனால் கேட்கிற வேலையை அவன் வாய் ஒரு மாதமாகச் செய்து சலித்துப் போயிருந்தது. கை முந்திக்கொண்டது.

"காயம்னா கம்பெனி பாக்கும். நோய்னா அவனவன் பாத்துக்கிடணும். இதை எத்தனை தடவை உமக்குச் சொல்லுதது?" என்று அதற்குச் சற்று முன்புதான் எஸ்றா சொல்லியிருந்தார்.

எஸ்றா பக்கத்து ஊரான நாசரேத்துக்காரர். தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற கம்பெனியில் தொழிலாளர்களைக் கவனித்துக்கொள்ளும் மேனேஜர். கவனித்துக்கொள்வது என்பது கம்பெனி அந்த வேலைக்கு வைத்த பெயர். குரலை உயர்த்தவே மாட்டார். குரலை உயர்த்தாத மனுசனை அடிப்பதில் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. ரோச் அந்தச் சங்கடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மூக்கைப் பார்த்து ஒன்று விட்டான். மூக்குக்கண்ணாடி பறந்து போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது.

வாட்ச்மேன்கள் ஓடி வந்து அவனைப் படியில் தரதரவென்று இழுத்துப் போனார்கள். ஒருவன் விலாவில் மிதித்தான். இன்னொருவன் கம்பால் வாயில் குத்தினான். உதடு கிழிந்து, கீழ்ப்பல் ஒன்று ஆடியது. உப்பு லாரிகள் போகிற ரோட்டில் அவனைத் தள்ளிவிட்டுக் கேட்டைச் சாத்தினார்கள். ரோச் எழுந்து உட்கார்ந்து, ஆடிய பல்லை விரலால் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் அழுதான். வலிக்காக அழவில்லை, கேட்டுக் கிடைக்காததற்காக அழுதான்.

அவனை வேலையை விட்டு எடுக்கவில்லை. எஸ்றாவுக்கு மனசு பெரிசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். துறைமுகம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது, எமர்ஜென்சி முடிந்த நேரம், கப்பல் தளத்திலிருந்து சரக்கை வலையில் தூக்கி இறக்குகிற விஞ்ச் ஓட்டத் தெரிந்த கை ஊரில் குறைச்சல். உரக் கப்பல் வேறு வந்து நின்றது. ரோச் விஞ்சில் உட்கார்ந்தால் ஒரு வலை நிறைய மூட்டைகளை கப்பல் அணைகிற மேடையான ஜெட்டியில் தூசி பறக்காமல் வைப்பான். "இவன்கிட்ட நம்ம பொண்டாட்டியைக் குடுத்தாலும் நோகாம இறக்கி வைப்பாம்லே" என்று கூட மூட்டை தூக்குகிற கேங்கில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட கை கம்பெனிக்கு வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அவன் தனக்காகக் கேட்கப் போகவில்லை, மச்சினன் சிலுவைக்காகப் போனான். சிலுவை, ரோச்சின் மனைவி பிலோமியின் தம்பி. தாய் செத்த வீட்டில் பிலோமிதான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "இவனும் எங்கூடத்தான் வருவான். சம்மதம்னா பேசுங்க" என்று சொன்ன பெண் அவள். இப்போது சிலுவைக்குக் கல்யாண வயது. ரோச்சின் கேங்கிலேயே மூட்டை தூக்கினான். போன மாதா கோயில் பெருநாளுக்குப் பிறகு வலது முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம் கண்டது. சுளுக்கு என்று எண்ணெய் தடவினார்கள். பிடித்துவிட்டார்கள். அது தேங்காய் அளவுக்கு ஆனபின்தான் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார்கள்.

அங்கே டாக்டர் சதையில் துளி எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் புற்று என்றார். காலை இடுப்பு வரைக்கும் எடுத்துவிட்டு, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, ஊசியும் போட்டால் பிழைக்க வழி உண்டு. நெஞ்சுக்கு ஏறுவதற்கு முன்னால் மெட்ராஸுக்குப் போய்விட வேண்டும். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இலவசக் கட்டிலுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். வேலை பார்க்கும் கம்பெனி பொறுப்பேற்றுக் கடிதம் கொடுத்தால் உடனே கட்டில் கிடைக்கும். அந்தக் கடிதத்தைத்தான் ரோச் கேட்டான். உழைக்கிற பயலுக்கு ஒரு கட்டில். அதற்குத்தான் காயம் வேறு, நோய் வேறு என்று பதில்.

காயத்துக்குக் கம்பெனி கொடுத்ததும் தானாகக் கொடுத்ததில்லை. அதன் பின்னால் கொக்கி இருந்தது. மூட்டையைக் குத்தி இழுக்க ஒவ்வொருவன் கையிலும் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. பழைய துறைமுகத்தில் தோணியில் சரக்குப் போன காலத்திலிருந்தே ஒரு வழக்கம். வேலை செய்யும்போது ஒருவன் ரத்தம் சிந்தினால் கேங்கு மொத்தமும் கொக்கியைக் கீழே போட்டுவிடும். முதலாளி தானே அந்த இடத்துக்கு வந்து, அடிபட்டவன் கையைப் பிடித்து, "இவன் எந்திரிச்சு நடக்குற வரைக்கும் என் பொறுப்பு" என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அதுவரை ஒருவனும் கொக்கியைத் தொடமாட்டான். கப்பல் சும்மா நிற்கும். பிடித்த கையை எந்த முதலாளியும் விட்டதில்லை. இப்போதிருக்கிற பல்தசார் முதலாளியும் கேங்கு ஆட்களின் சாதிசனம்தான், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போகிற மாதா கோயிலில் முன்வரிசையில் முழங்கால் போடுகிறவர். சொல்லை மாற்றினால் கோயில் வாசலில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

ஆனால் கொக்கி ரத்தத்துக்குத்தான் விழும். நோய்க்கு விழுந்ததில்லை, விழ வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

உதடு வீங்கிப்போய் ரோச் கடற்கரையில், கரையேற்றிய தோணி ஒன்றின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது சிலுவை நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மச்சான், எப்படியும் வெட்டப்போற காலுதானே."

"அதுக்கு?"

"அது வலையில அடிபட்டு முறிஞ்சா காயம். காயம்னா முதலாளி கையைப் பிடிச்சாகணும். பிடிச்சா மெட்ராஸுக்கு அனுப்பியாகணும்லா."

ரோச் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். சிலுவை மணலில் சாய்ந்து, எழுந்து, கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"அடிச்சாச்சுல்லா. இப்பச் சொல்லும், செய்வீரா மாட்டீரா? வேற எவன் விஞ்சுல இருந்தாலும் காலோட ஆளும் போயிரும். உம்ம கைன்னாத்தான் காலு மட்டும் போகும்."

"கொக்கிக்குப் பொய் சொல்லச் சொல்லுதியா?"

"எனக்குச் சாக இஷ்டமில்ல மச்சான்," என்றான் சிலுவை. அவன் வாய் கோணி, அழுகையை அடக்குவதை ரோச் பார்த்தான். எப்படியும் வெட்டப்போகிற கால், அது முறிந்தால் என்ன, முறியாவிட்டால் என்ன என்று அவனுக்கும் பட்டது. இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு முட்டாள்தனத்துக்கு வந்துசேர அதிக நேரம் ஆவதில்லை. பிலோமியிடம் சொல்லக் கூடாது என்பதை மட்டும் பேசாமலே முடிவு செய்தார்கள்.

உரக் கப்பலின் மூன்றாம் நாள், சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் முன்னால் வருகிற கடைசி வலை. அதில் எப்போதும் அரைப் பாரம்தான் இருக்கும். ஜெட்டியில் பலகைகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில், பலகையோடு காலை ஒட்டி வைத்துச் சிலுவை நின்றான். மேலே விஞ்சிலிருந்து பார்த்த ரோச்சுக்கு அவன் தலையில் சுற்றிய துண்டும், தூக்கிய முகமும் தெரிந்தன. கேங்கு மேஸ்திரி மனுவேல் இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ரோச் மாதாவை வாய்க்குள் கூப்பிட்டுக்கொண்டு வலையை ஒரு தடவை ஆடவிட்டான்.

மெதுவாகத்தான் விட்டான். தொட்டுத் திரும்பிவிடும் என்றுதான் கணக்கு. ஆனால் மூட்டை பட்டதும் அந்தக் கால் முருங்கைக் கொம்பு மாதிரி படக்கென்று போய்விட்டது. சத்தம் விஞ்ச் வரைக்கும் கேட்டது. முழங்கால் ஒரு பக்கம் பார்க்க, பாதம் இன்னொரு பக்கம் பார்த்தது. எலும்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வந்து, உரத்தூள் படிந்த சிமெண்டுத் தரையில் ரத்தம் கொட்டியது. சிலுவை மாடு கத்துவதைப் போலக் கத்தினான். கத்துவதற்கு அவன் ஒத்திகை பார்த்திருந்தான். அந்தக் கத்தலுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

ரோச் விஞ்சிலிருந்து இறங்கவில்லை. தன் கை இன்னும் பிடியை விடாமல் இருப்பதைப் பார்த்து அந்தக் கையின் மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

கொக்கிகள் விழுந்தன. ஜெட்டியிலும், கப்பல் அடியிலும், பக்கத்துக் கப்பலிலும் இரும்பு தரையில் விழும் சத்தம் வரிசையாகக் கேட்டது. பல்தசார் முதலாளி காரில் வந்தார். பட்டு ஜிப்பாவோடு ரத்தத்தில் குந்தினார், சிலுவையின் கையைப் பிடித்தார். "இவன் எந்திரிச்சு நடக்குற வரைக்கும் என் பொறுப்பு" என்றார். குறை சொல்லக் கூடாது, அழகாகத்தான் சொன்னார். வலியில் வெளிறிப்போயிருந்த சிலுவை, தூக்கிக்கொண்டு போகும்போது ரோச்சை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு. ரோச்சும் அப்படித்தான் நம்பினான்.

மெட்ராஸுக்கு அனுப்பவில்லை. ஊருக்குள் கம்பெனி வழக்கமாக அனுப்புகிற எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள், புண்ணைத் தைத்தார்கள், இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். முறிந்த காலுக்கு என்னென்ன உண்டோ எல்லாம் செய்தார்கள். பழமும் ஆர்லிக்ஸும் கம்பெனி செலவில் வந்தன. ரோச் கட்டியைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமலே, "முறிஞ்சா வீங்கத்தான் செய்யும்" என்றார். பாளையங்கோட்டை டாக்டர் சொன்னதைச் சொன்னான். "அதெல்லாம் பிறகு பாக்கலாம். முதல்ல எலும்பு கூடட்டும்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எஸ்றாவிடம் போனான். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த எஸ்றா, "முதலாளி பொறுப்புன்னாரு, பொறுப்பைச் செஞ்சாச்சு. கால் முறிஞ்சுது, கட்டுப் போட்டாச்சு. இன்னும் என்ன வேணும்?" என்றார். நியாயமான கேள்விதான். மெட்ராஸ் என்று ரோச் வாயெடுத்தால், கால் முறிந்ததே அதற்குத்தான் என்ற குட்டு உடையும். அப்படியே வீட்டுக்குத் திரும்பினான்.

கட்டுக்குள் கால் வளர்ந்தது. முதலில் விரல்கள் பருத்தன, பிறகு நீலம் பாய்ந்தன. சிலுவை பகலெல்லாம் அலறினான், அலறி ஓய்ந்தால் முனகினான். பிறகு நாற்றம் வந்தது. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த பிலோமி ஒரு நாள் அதைப் பொறுக்க முடியாமல், கையிலிருந்த கத்தியோடே வந்து கட்டைப் பிளக்க ஆரம்பித்தாள். ரோச் தடுக்கப் போனான். "கிட்ட வந்தீருன்னா உம்மைக் குத்திருவேன்" என்றாள். குத்தியிருப்பாள்தான். மாவுக்கட்டு துண்டு துண்டாக விழுந்தது. உள்ளேயிருந்து சீழும் ரத்தமும் பாயில் ஓடின. கட்டி இரண்டு பங்காகியிருந்தது. தோல் பளபளவென்று இழுபட்டு, தையல் போட்ட இடமெல்லாம் வாய் திறந்திருந்தது.

பிலோமி அதைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"காலு முறிஞ்ச அன்னைக்கு, இனி மெட்ராஸுக்கு அனுப்பிருவாவன்னு எங்கிட்ட எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொன்னீரு?"

ரோச் சொல்லிவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பிலிருந்து ஒரு விறகுக்கட்டையை உருவிக்கொண்டு வந்து அவன் தோளில், முதுகில், தலையில் அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும், "எம்பிள்ளைய, எம்பிள்ளைய" என்றாள். அவன் கையை உயர்த்தவில்லை. கட்டை இரண்டாக ஒடிந்ததும் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, நாந்தான் அவரைச் செய்யச் சொன்னேன்" என்று பாயிலிருந்து சிலுவை சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

தலையில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் ரோச் நேராகத் துறைமுகக் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனான். கேங்கு அங்கேதான் இருந்தது. மேஸ்திரி மனுவேல் முன்னால் போய் நின்று, "அண்ணாச்சி, அன்னைக்கு வலை தானா ஆடல. நான்தான் ஆட்டினேன்" என்றான். ஏன் என்றும் சொன்னான்.

மனுவேல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்த கொக்கியை எடுத்து, மரப்பிடியால் அவன் தாடையில் அடித்தார். விழுந்தவனைக் கேங்கு மிதித்தது. பிரியத்துக்குரியவனை மிதிக்கும்போது கொஞ்சம் கூடுதலாகத்தான் மிதிப்பார்கள். "எங்க அப்பன் காலத்துல இருந்து கொக்கி பொய்க்கு விழுந்ததில்லலே. நாளைக்கு நெசமா ஒருத்தன் அடிபட்டு விழுந்தா எந்த முதலாளி நம்புவான்?" என்று கேட்டு மனுவேல் இன்னொரு முறை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை.

"காலு இப்ப எப்படி இருக்கு?"

"அழுகுது அண்ணாச்சி."

மனுவேல் கேங்கைப் பார்த்துத் திரும்பி, "முதலாளி அன்னைக்குக் காலைப் பிடிச்சாரா, கையைப் பிடிச்சாரா?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "கையைத்தானே பிடிச்சாரு. அப்ப பொறுப்பு ஆளுக்குத்தான், காலுக்கு மட்டுமில்ல. இவனைப் பிறகு பாத்துக்கிடலாம். போய் அந்தப் பயலைத் தூக்கிட்டு வாங்கலே."

கயிற்றுக் கட்டிலோடு சிலுவையைத் தூக்கிக் கைவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பிலோமியும் கூடவே நடந்தாள். கேட்டில் வாட்ச்மேன்கள் மறித்தார்கள். ஒருவனுக்குக் கை முறிந்தது, மற்றவன் ஓடிவிட்டான். கப்பலுக்குக் கீழே ஜெட்டியில் கட்டிலை இறக்கி வைத்து, காலை மூடியிருந்த துணியைப் பிலோமி விலக்கினாள். பார்த்தவர்களில் சிலர் திரும்பி வாந்தி எடுத்தார்கள். மனுவேல் தன் கொக்கியைக் கீழே போட்டார். கேங்கும் போட்டது. மற்ற கேங்குகள் கூடி நின்று பார்த்தன, போடவில்லை. நோய்க்குக் கொக்கி போடுவதை அவர்கள் கண்டதில்லை.

எஸ்றா வந்தார். முதலாளி ஊரில் இல்லை என்றார். கட்டிலைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, அதே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "காயத்துக்கு வைத்தியம் நடந்தாச்சு. இது வேற. இது அவன் உடம்புல உள்ளது. இதுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்ல."

சரக்கு வலை ஒன்று ஜெட்டியில் விரிந்து கிடந்தது. அதன் நான்கு முனைகளும் விஞ்சின் கொக்கியில் மாட்டியிருந்தன. எஸ்றா அதன் மேல்தான் நின்றார். அவர் அதைக் கவனிக்கவில்லை. ரத்தம் வழிய மேலே ஏறிப் போய் விஞ்சில் உட்கார்ந்துவிட்ட ரோச் கவனித்தான்.

வலை சுருட்டிக்கொண்டு எழும்பியது. எஸ்றா தலைகீழாகப் புரண்டார், ஒரு செருப்பு கீழே விழுந்தது. ரோச் அவரை விறுவிறுவென்று மேலே ஏற்றி, கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, ஆள் உயரத்துக்கு ஒரு தடவை விழவிட்டுப் பிடித்தான். கீழே கறுப்புத் தண்ணீர் கப்பல் பக்கத்தில் மோதிக்கொண்டிருந்தது. குரலை உயர்த்தாத எஸ்றா அன்றைக்குக் குரலை உயர்த்தினார்.

"என் கையில ஒண்ணுமில்ல ரோச். முதலாளி சொன்னதைத்தான் செஞ்சேன்."

ரோச் இன்னொரு தடவை விட்டுப் பிடித்தான். வலைக் கயிறு எஸ்றாவின் முகத்தில் பதிந்து கன்னம் கிழிந்தது.

"எக்ஸ்ரேயில தெரிஞ்சுது. கட்டி இருக்குன்னு, எலும்பை அரிச்சிருக்குன்னு டாக்டரு அன்னைக்கே சொன்னாரு. வெளிய சொன்னா மெட்ராஸ் செலவு தலையில விழும். காயமே இல்லன்னு கையை விரிச்சா நீங்க கொக்கியைப் போட்டுருவிய. அதனால மேல கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு முதலாளி."

கூடி நின்ற கேங்குகளிலிருந்து, "போடுலே அவனை", "போடு" என்று சத்தம் கிளம்பியது. முதலில் ஒரு கொக்கி தரையில் விழுந்தது, பின்னால் எல்லாக் கேங்கின் கொக்கிகளும் விழுந்தன. ரோச்சின் கை பிடியில் இருந்தது. ஒரு விரல் தளர்ந்தால் போதும். கண்ணில் ரத்தம் இறங்கி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. போட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு வெறியாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

"மச்சான்," என்று கட்டிலிலிருந்து சிலுவை கத்தினான். "இறக்கிரும். அவரு காலு முறிஞ்சா அவருக்குக் கம்பெனி குடுக்கும். எனக்கு அப்பவும் குடுக்காது."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எஸ்றாவைக் காப்பாற்றியது. ரோச் அவரைக் கொண்டுவந்து, ஒரு மூட்டையை வைப்பதைப் போல நோகாமல் ஜெட்டியில் வைத்தான்.

போலீஸ் வந்தபோது அவன் விஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். இழுத்துப் போட்டு லத்தியால் மண்டையைப் பிளந்தார்கள். தடுக்க வந்த மனுவேலுக்குத் தோள்பட்டை இறங்கியது. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் மேலெல்லாம் அடி விழுந்தது. பிலோமி தம்பியின் மேல் கவிழ்ந்து படுத்து அடியை முதுகில் வாங்கினாள். ஆனால் ஒருவனும் கொக்கியை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பழைய துறைமுகத்துத் தோணிக்காரர்களும் வேலையை நிறுத்தினார்கள். கருங்காலிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், லாரி எரிந்தது. கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு வரிசையில் நின்றன, நிற்கிற ஒவ்வொரு நாளும் முதலாளியின் கையைக் கடித்தது. கடைசியில் பல்தசார் முதலாளி இறங்கி வந்தார். சிலுவைக்குக் கடிதம் கொடுத்தார். அதோடு, இனிமேல் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குக் காயமானாலும் புற்றானாலும் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியைச் சேர்ந்தது என்று கேங்கு மேஸ்திரிகள் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எஸ்றாவைத் தூக்கியதற்காக ரோச்சுக்குப் பாளையங்கோட்டை ஜெயில். கேங்கு காட்டிக்கொடுக்கவில்லை, வலை ஆடிய கதை வெளியே வரவே இல்லை. ஜெயிலுக்குள் அவன் சந்தோஷமாகவே இருந்தான். சிலுவை மெட்ராஸில் கட்டிலில் படுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வான், வாங்கின அடியெல்லாம் ஆறிப்போனதாகத் தோன்றும்.

பிலோமி அவனைப் பார்க்க வந்தது, மெட்ராஸிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகுதான். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றாள். முகம் பாதியாகியிருந்தது.

"போயிட்டான்," என்றாள். "காலை எடுத்தாவ, கரண்டும் வச்சாவ. நெஞ்சுல பரவிட்டு."

ரோச் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வர நேரமானது. வந்தபோது அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவள் அழுது முடித்துவிட்டு வந்தவள்.

"கம்பெனி குடுத்துச்சா?"

"ஒரு குறையும் வைக்கல. இப்ப ஜெட்டியில தூத்துப் பெருக்குற இசக்கித்தாய்க்கும் குடுத்திருக்கு. மாருல கட்டி. போன வாரம் மெட்ராஸுக்கு ரயிலேத்தி விட்டோம். சின்னதா இருக்கும்போதே வந்துட்டா, பொழைச்சுருவான்னு சொல்லுதாவ."

"அப்ப வீணாப் போகல," என்றான் ரோச், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவன் பேரைச் சொல்லி இன்னும் எத்தனை பேரு பொழைப்பாவ."

பிலோமி தலையைக் குனிந்தாள். போய்விடுவாள்போல ஓரடி திரும்பினாள். பிறகு நின்றாள்.

"மெட்ராஸ் டாக்டரு காலைப் பாத்துட்டு, இது எப்படி முறிஞ்சுதுன்னு கேட்டாரு. வேலையில அடிபட்டுதுன்னேன். முறியாம முழுசா வந்திருந்தா காலோட போயிருக்கும், உயிரு நின்னுருக்கும்னாரு. முறிஞ்ச இடத்துல இருந்துதான் ரத்தத்துல கலந்து நெஞ்சுக்கு ஏறிட்டாம்."

ரோச்சின் கை கம்பியிலிருந்து இறங்கியது.

"சிலுவை இதைக் கேட்டானா?"

"கட்டில்லதானே கிடந்தான். கேட்டான். டாக்டரு அங்கிட்டுப் போனதும் எங்கையைப் பிடிச்சு, இதை மட்டும் மச்சான்கிட்டச் சொல்லிராதக்கா, சத்தியம் பண்ணுன்னான். பண்ணினேன்."

"பிறகு ஏன் ஏளா சொன்ன?"

"அவன் உமக்காகப் பாத்தான். எனக்காக யாரு பாக்கா? இதை ஒருத்தியா வச்சுக்கிட்டு என்னால படுக்க முடியல."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். காவலர் நேரமாகிவிட்டது என்றார். பிலோமி கொண்டுவந்திருந்த பொட்டலத்தைக் காவலர் கையில் கொடுத்து, அவனிடம் சேர்க்கச் சொன்னாள். கருவாடும் கொஞ்சம் அவலும் இருந்தன. அடுத்த மாசம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே வந்தாள்.